அரக்கும் கரும்பச்சையும்

எங்கள் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேருகிற யாருக்கும் முதல் நாளே ஒரு கதை சொல்வார்கள். கடையை ஆரம்பித்த பெரிய முதலாளி ஒருமுறை, சேலைப் பிரிவில் இருந்த ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றுவதற்காக, "எனக்கு நிறம் தெரியாது, தப்பு என்னுது" என்று வாடிக்கையாளர் முன்னால் பொய் சொன்னாராம். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்று கதை முடியும். போளூர் கிளையில் அந்தப் பெண் அவர் காலில் விழுந்து அழுததாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். செங்கம் கிளையில் அவளுக்குப் பட்டுச்சேலையே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண் நான்தான். காலில் விழவில்லை. பட்டுச்சேலையும் வரவில்லை. அது போகட்டும், கதையில் அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. இருபது வருஷம் நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கி, இப்போது ஓய்வில் இருக்கிறேன். கூட வேலை பார்த்த பெண்கள், அன்றைக்கு என்னதான் நடந்தது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

1989-இல் சேர்ந்தேன். திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன வருஷம். ஆபீஸ்கள் வந்தன, ஆபீஸர்கள் வந்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆம்பளைகளிடம் சேலை கேட்கக் கூச்சப்பட்டார்கள். அதனால் கடையில் முதல்முறையாகப் பெண்களை எடுத்தார்கள். எனக்கு முப்பத்தைந்து வயது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது, இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில். முதல் ஆறு மாதம் மடிக்க மட்டும் விட்டார்கள். அந்த ஆறு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது, சேலையை மடிக்கும்போது பேசக்கூடாது என்பது ஒன்றுதான்.

கடை அப்போது தேரடி வீதியில் இரண்டு கதவு அகலம். மதியத்துக்கு மேல் கோபுரத்தின் நிழல் மெல்ல நீண்டு எங்கள் வாசல்வரை வரும். வெளியே இரைச்சல் இருந்தாலும் உள்ளே வெள்ளை விரிப்பின்மேல் பட்டு விரியும்போது ஒரு சத்தம் வருமே, அது மட்டும் தனியாகக் கேட்கும். எத்தனையோ மதியங்கள் அந்தச் சத்தத்திலேயே போயிருக்கின்றன. இன்றைக்கும் படுத்தால் கண்ணுக்குள் சேலைகள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டே போகும். கடைசிச் சேலை வருவதற்குள் தூங்கிவிடுவேன்.

பெரிய முதலாளியை எல்லோரும் ஐயா என்போம். சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர், வேட்டவலம் பக்கத்து ஊர்களில் தெருத்தெருவாக விற்றவர். பிறகு ஒரு கதவுக் கடை, பிறகு இரண்டு கதவு. எந்நாளும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் இன்னும் கம்மியாகப் பேசுவார்.

ஆரணியிலிருந்து நெசவுக்காரர்கள் சேலை கொண்டுவந்தால் அவர் பார்க்கிற விதமே தனி. பார்க்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கரையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு இழுப்பார். முந்தானையைக் கசக்கிக் காதருகில் வைத்துக் கேட்பார். ஜரிகையை உள்ளங்கையில் ஏந்தி எடை பார்ப்பார். கடைசியில் நெசவுக்காரரிடம் ஒரு துண்டுச்சீட்டை நீட்டி நிறத்தின் பேரை அவர் கையாலேயே எழுதச் சொல்லுவார். நெய்தவர்தான் பேர் வைக்க வேண்டும், அதுதான் மரியாதை என்பார். அந்தச் சீட்டு சேலையின் மடிப்புக்குள் போய்விடும்.

விற்கும்போதும் அப்படித்தான். நிறத்தின் பேரை நாங்கள் சொல்லவே கூடாது. சேலையை வாசற்படி வரைக்கும் கொண்டுபோய் வெயிலில் பிடித்து, "நீங்களே சொல்லுங்க, இது இன்னா கலரு?" என்று கேட்க வேண்டும். ஒருத்தர் வெங்காயச் சருகு என்பார், இன்னொருத்தர் மாந்தளிர் என்பார், கொஞ்சம் நேரம் போனால் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வரும். தன் வாயால் பேர் வைத்த சேலையைக் கீழே வைக்க யாருக்கும் மனசு வராது. பின்னாளில் சென்னையிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, இது வாடிக்கையாளரின் மனத்தைக் கவரும் உத்தி என்று ஒரு மணி நேரம் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முகூர்த்தச் சேலைக்குத் தனி முறை உண்டு. தேர்ந்தெடுத்து முடித்ததும் நிறச்சீட்டு, விலைச்சீட்டு, குண்டூசி எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். தாலி கட்டும்போது உடுத்துகிற சேலையில் இரும்பும் எழுத்தும் இருக்கக்கூடாது என்பது ஐயாவின் கணக்கு. பிறகு பித்தளைத் தட்டில் மஞ்சளோடு வைத்து அவர் முன்னால் கொண்டுபோவோம். அவர் தன் கையால் மஞ்சள் துணியில் சுற்றி நூல் கட்டி, மேலே அந்தக் குடும்பத்தின் ஊரை எழுதித் தருவார். எத்தனை கூட்டம் இருந்தாலும் அதை வேறு யாரிடமும் விட்டதில்லை.

நான் சேர்ந்து ஏழாவது வருஷம், ஆவணி மாதம். ஒரே முகூர்த்த நாளில் ஊரெல்லாம் கல்யாணம். ஒரே கரை, ஒரே அன்னப்பட்சி, ஒரே ஜரிகை வைத்த இரண்டு சேலைகள் ஒரே மதியத்தில் விலை போயின. ஒன்று அரக்கு, வேட்டவலத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு. இன்னொன்று கரும்பச்சை, செங்கம் ரோட்டில் உள்ளடங்கிய ஒரு கிராமத்துக்கு. இரண்டிலும் சீட்டுகளை எடுத்துவிட்டு இரண்டு தட்டுகளையும் ஐயா முன்னால் வைத்தேன். எப்போதும் ஒவ்வொன்றாகத்தான் வைப்போம். அன்றைக்குக் கூட்டம் நெரித்தது. "அரக்கு வேட்டவலத்துக்குங்க, பச்சை செங்கம் ரோட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

பத்து நாள் கழித்து வேட்டவலத்து அம்மாள் வந்தார். மாப்பிள்ளையின் தாயார். கையில் பிரித்த மஞ்சள் துணி, உள்ளே கரும்பச்சை. ரவிக்கைத் துண்டை வெட்டுவதற்காகத் தையற்காரரிடம் பிரித்தபோதுதான் தெரிந்திருக்கிறது. கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. பெண் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று, அரக்குச் சேலை. இப்போது பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வேண்டுமென்றே மாற்றிவிட்டார்கள் என்று பேசுகிறார்களாம். அந்த அம்மாள் கத்தவில்லை. குரல் நடுங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐயாவின் மகன், நாங்கள் சின்னவர் என்போம், அந்த வருஷம்தான் நிர்வாகத்துக்கு வந்திருந்தார். சுறுசுறுப்பானவர், கெட்டவர் இல்லை. ஆனால் புதுசு. வாடிக்கையாளர் முன்னால் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தார். சேலையைக் காட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"நாளையிலருந்து வர வேணாம்" என்றார்.

நான் சரியாகத்தான் வைத்தேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் கட்டிக் கொடுத்த ஐயா மேல் பழி போடுவதாக ஆகும். அதை யார் நம்புவார்கள்? நாற்பது வருஷம் துணி விற்ற மனுஷனுக்கு அரக்குக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதா? பள்ளிக்கூடம் போகிற என் பெண்கள் இரண்டு பேரின் முகங்கள்தான் எனக்குள் ஓடின. கீழே குனிந்து விரிப்பில் இருந்த ஒரு நூலை எடுத்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும்போது கைக்கு வேலை கொடுப்பது என் வழக்கம்.

ஐயா எழுந்து வந்தார். அந்த அம்மாளைக் கும்பிட்டார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லம்மா. கட்டுனது நான். எனக்கு அரக்கும் பச்சையும் ஒண்ணாதான் தெரியும். பொறந்ததிலருந்தே அப்படித்தான்."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் இளகியது. "வேல செய்யறவங்களுக்காக இப்படிகூட சொல்லுவாங்களா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் அவசரத்துக்காக அப்பா சபையில் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஐயா மட்டும் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் அரக்குச் சேலை திரும்பி வந்தால்தானே கல்யாணம்? செங்கம் ரோட்டுக்காரர்கள் ரவிக்கைத் துண்டில் கத்திரி வைத்திருந்தால் எல்லாம் முடிந்தது. ஐயா பச்சைச் சேலையை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு காரில் கிளம்பினார்.

முதல்நாள் மழை பெய்திருந்தது. ரமண ஆசிரமம் தாண்டியதும் வலதுபக்கம் மலை முழுசாகத் தெரிந்தது. அடிவாரத்திலிருந்து பாதிவரை புதுசாகப் பச்சை ஏறியிருந்தது. ஒரு விடுதியின் மதில்மேல் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி துவைத்த சேலைகளை ஒவ்வொன்றாக உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈரக்காற்றில் அவை மெதுவாக எழுந்து எழுந்து படிந்தன. ஐயா கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நான் சொன்னத நீ நம்புனியா?" என்றார் திடீரென்று.

உங்கள் மனசு யாருக்கு வரும் என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னேன். அவர் "சரி" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் இருந்த சலிப்பு எனக்கு அப்போது புரியவில்லை.

அந்த வீட்டில் பந்தக்கால் நட்ட பிறகுதான் பிரிப்பது என்று சேலையைச் சாமி அலமாரியில் வைத்திருந்தார்கள். போன உயிர் வந்தது. பெண்ணின் அப்பா விவசாயி, நல்ல மனுஷர். நடந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கட்டு பிரியாமல் எடுத்துவந்து ஐயாவிடமே கொடுத்தார். ஐயா அதைக் கட்டிலின்மேல் வைத்துப் பிரித்தார். நாங்கள் கொண்டுபோன பச்சையையும் பக்கத்தில் பிரித்து வைத்தார். பெண்ணின் அப்பா மோர் கொண்டுவர உள்ளே போனார்.

அவர் போன அந்த ஒரு நிமிஷத்தில், திருப்பி எடுத்துப்போக வேண்டிய சேலைக்காக ஐயா கையை நீட்டினார். கை பச்சையின்மேல் போய் உட்கார்ந்தது. பிறகு தயங்கியது. கரையைத் தடவினார். இரண்டும் ஒரே கரை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கெஞ்சல் இருந்தது.

"இடதுபக்கம்ங்க ஐயா" என்றேன்.

அவர் இடதுபக்கத்துச் சேலையை எடுத்து மடித்தார். மோர் வந்தது. குடித்தோம்.

திரும்பி வரும்போது, டிரைவருக்குக் கேட்காத தாழ்ந்த குரலில், நான்தான் முதலில் பேசினேன். நம்பாததற்கு மன்னிக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். சைக்கிளில் விற்ற காலத்தில் ஓர் ஊரில் சிவப்புக் கேட்ட அம்மாளிடம் பச்சையை நீட்டி, ஊரே சிரித்ததாம். அன்றைக்கே முடிவு செய்தாராம், இனிமேல் நிறத்தை வாங்குகிறவர்களே சொல்லட்டும் என்று. அந்த ஒரு தந்திரத்தின்மேல்தான் கடை எழுந்தது. கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாது.

"நாப்பது வருஷம் மறைச்சேன், ஒருத்தருக்கும் தெரியல. இன்னைக்கு வாயத் தொறந்து சொன்னேன், அப்பவும் ஒருத்தருக்கும் தெரியல" என்றார்.

நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொன்னால் அதையும் விசுவாசம் என்று சொல்லிவிடுவார்கள், விடு என்றார். கொஞ்சம் தூரம் போனதும் மலையைக் காட்டினார். "மழ பேஞ்சா மலை பச்சையா ஆயிடுச்சின்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு சித்திரையிலயும் கார்த்திகையிலயும் ஒரே மலைதான்." அதை வருத்தமாகச் சொன்னதுபோல எனக்குத் தோன்றவில்லை.

வேட்டவலத்துக் கல்யாணம் அரக்குச் சேலையோடு நடந்தது. என் வேலை தங்கியது. அன்றிலிருந்து எந்தச் சேலை என்று ஐயாவுக்குக் காட்ட நான் நிறம் சொன்னதே இல்லை. இடது, வலது, மேலே, கீழே, அவ்வளவுதான். கூட்டமில்லாத மதியங்களில் அவர் என்னிடம் கேட்பார், அரக்கு என்றால் எப்படி இருக்கும் என்று. வத்தக்குழம்பு சுண்டி எண்ணெய் பிரியும்போது இருக்குமே அப்படி என்பேன். அது அவருக்கு மழையில் நனைந்த மண்போல இருக்குமாம். பச்சை? அதுவும் நனைந்த மண்தான். கோபுர நிழல் வாசலைத் தொடும்வரை இப்படியே பேசிக்கொண்டிருப்போம். நான் சொன்ன நிறங்கள் எதுவும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஆனாலும் மறுநாளும் கேட்பார்.

கதை அதற்குள் எங்களைத் தாண்டி ஓடிவிட்டது. போளூரில் கிளை, செங்கத்தில் கிளை, ஒவ்வொரு திறப்புவிழாவிலும் சின்னவர் அதை மேடையில் சொன்னார். ஐயா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. ஐயா சொன்னதற்காக என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்தக் கதையில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. புதிதாக வருகிற பெண்கள் என்னை ஒரு மரியாதையோடு பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரை ஒட்டியிருக்கிற வேங்கிக்காலில் பெரிய கடை வந்தது. மூன்று மாடி, கண்ணாடி, ஏசி. ஐயா ஒரே ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, இதில் வெயில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே போனார். நான் அழுதேன். யாரிடமும் சொல்லமுடியாத ஒன்றுக்காகவும் சேர்த்து அழுதேன்.

நான் ஓய்வு பெற்ற சில மாதங்களில் கார்த்தி வீட்டுக்கு வந்தான். ஐயாவின் மகள் வயிற்றுப் பேரன். படித்து முடித்து வேங்கிக்கால் கடையில் இருந்தான். பட்டுக் கொள்முதலை அவனிடம் ஒப்படைக்கப்போவதாக மாமா, அதாவது எங்கள் சின்னவர், சொல்லியிருந்தார். சந்தோஷமான செய்திதானே என்றேன். அவன் காபியைத் தொடவே இல்லை. தனக்குச் சில நிறங்கள் தெரியாது, இந்த வேலை வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னானாம். அவர் அவன் தோளில் தட்டி, "தாத்தா மாதிரியே பேசற, அந்த அடக்கம் உனக்கும் வந்துடுச்சி" என்று சிரித்தாராம்.

"தாத்தா சொன்னது பொய்தானேங்கம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்று நான் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவன் கண்ணில் இருந்தது.

மறுநாள் காலையில் அவனோடு வேங்கிக்காலுக்குப் போனேன். சின்னவர் தன் அறையில் இருந்தார். தலை நரைத்து, ஐயாவைப்போலவே வெள்ளைச் சட்டைக்கு மாறியிருந்தார். எழுந்து நின்று வரவேற்றார். உட்காரச் சொன்னதை மறுத்துவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அன்னைக்கு ஐயா சொன்னது நெசங்க. என்ன காப்பாத்த சொன்ன பொய் இல்ல. தம்பி சொல்றதும் நெசம்."

கட்டிலில் இரண்டு சேலைகள் இருந்ததையும், பச்சையின்மேல் போன கையையும், இடதுபக்கத்தையும் சொன்னேன். இத்தனை வருஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவர் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அப்பா எங்கிட்ட நெசத்ததான் சொன்னாரா" என்றார் கடைசியில். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "நான்தான் ஊரெல்லாம் போயி பொய்னு சொன்னேனா."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கீழே கடை திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜையைச் சுற்றி வந்து, மருமகன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு கார்த்தி" என்றார். "எந்தெந்தக் கலரு உனக்குத் தெரியல?"